மாப்பிள்ளை போட்ட சாட்சிக் கையெழுத்து

வாருங்கள் தம்பி. செருப்பைக் கழற்ற வேண்டாம், இன்றைக்குத் தரை கூட்டவில்லை. புரோக்கர் வந்துகொண்டிருப்பதாகப் போன் செய்தார். அதுவரை நானே வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன். யார் காட்டினால் என்ன, சுவர் மாறிவிடவா போகிறது?

நான் தங்கையா. ஜே. தங்கையா, எம்.ஏ., பி.எட். அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பேச்சு கொஞ்சம் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்து நான்கு வருஷம் தமிழ் நடத்திய வாய்.

வீடு யாருடையது என்று புரோக்கர் சொன்னாரா? ‘செல்வின் சார் வீடு’ என்றிருப்பார். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. செல்வின் என் மனைவியின் தம்பி. கோயம்புத்தூரில் இருக்கிறான். ஆனால் என் மாமனார் இந்த வீட்டை உயில் எழுதி வைத்தது என் மனைவி எப்சிபாவுக்கு. வாங்க வருகிறவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? பயப்படாதீர்கள், வில்லங்கம் ஒன்றும் இல்லை. கேஸ் முடிந்துவிட்டது. முழுவதும் முடிந்துவிட்டது. நாங்கள் தோற்றுவிட்டோம்.

இது முன் அறை. இந்த ஜன்னலைத் திறந்தால் காற்று நன்றாக வரும். இங்கேதான் மாமாவின் கட்டில் கிடந்தது. அருமைநாயகம் என்று பெயர். போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பதினொரு வருஷம் படுக்கையில் இருந்தார். எப்சிபா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு வந்து பதினொரு வருஷமும் அவள்தான் பார்த்தாள். குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, ஊட்டுவது எல்லாம். நானும் கூடவே வந்து இங்கே இருந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் என்னைச் சொன்னது கிடையாது. சொல்ல விட்டதும் கிடையாது.

படுக்கையில் விழுந்த நாலாவது வருஷம், ஒரு சனிக்கிழமை காலையில், மாமா உயில் எழுத ஆள் கூட்டி வரச் சொன்னார். ‘இப்பமே அவ பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிருங்களேன்’ என்று நான் சொல்லிப் பார்த்தேன். உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நின்ற நாலு பேர் பெயரை அவர் சொன்னார். தபாலாபீசுக்கு வந்து போன தெருக்காரர்கள், எல்லாருடைய கதையும் அவருக்குத் தெரியும். அதோடு நான் விட்டுவிட்டேன்.

பத்திர எழுத்தர் மாசானம் வந்தார். நல்ல மனுஷர். நாற்பது வருஷ அனுபவம். எழுதி முடித்து உரக்க வாசித்தார். வீடும் வீடு நிற்கும் மனையும் மகள் எப்சிபாவுக்கு. விளை என்கிற தோட்டத்தில் இருக்கிற பனைமரங்களும் நிலமும் மகன் செல்வினுக்கு. கடைசியில் ஒரு வரி. மேலே சொன்னவை போக, என்னைச் சேர்ந்த மற்ற எல்லாச் சொத்தும் மகனுக்கே சேரும். அந்த வரியைக் கவனித்துக்கொள்ளுங்கள் தம்பி. அது மாசானம் எல்லா உயிலிலும் பழக்கத்தில் போடுகிற வரி. யாரும் கேட்கவில்லை, அவராகப் போட்டார். மற்ற சொத்து என்று என்ன இருந்தது? ஒரு சைக்கிள். ஒரு சுவர்க்கடிகாரம்.

‘சாட்சிக்கு ரெண்டு பேரு வேணும் ஐயா’ என்றார் மாசானம்.

மாமா முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார். ஒருவர் மருந்துக்கடை சேவியர். அவர் சரி, படித்தவர். இன்னொருவர் யார் தெரியுமா? கோயில்குட்டியார் தாவீது. உங்களுக்கு அது தெரியாது. எங்கள் கோயிலைத் திறந்து, பெஞ்சு துடைத்து, மணி அடிக்கிறவரைக் கோயில்குட்டியார் என்போம். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் பேனா. நான் எங்கே நின்றேன் தெரியுமா? இதோ, நீங்கள் நிற்கிற இடத்தில். கையில் டீ டம்ளர் தட்டு.

நான் அப்போது பதவியில் இருந்தேன். காலை ஆறு மணிக்கே என் வாசலில் பிள்ளைகள் நிற்பார்கள். மார்க் ஷீட் நகல், சாதிச் சான்றிதழ் நகல், எதுவானாலும் பச்சை மையில் நான் சான்றொப்பம் போட்டால்தான் ஆபீசில் வாங்குவான். எத்தனை ஆயிரம் போட்டிருப்பேன்! ஒன்றாவது திரும்பி வந்ததுண்டா? கேட்டுப் பாருங்கள்.

‘மாமா, நான் ஒருத்தன் இருக்கேனே’ என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

‘நீங்க எதுக்கு மாப்ளே? வெளி ஆளு போடட்டும்’ என்றார்.

வெளி ஆளு. மூத்த மாப்பிள்ளை, ஒரே மாப்பிள்ளை, கெஜட்டட் அதிகாரி நிற்கிறேன். மணி அடிக்கிறவர் போடட்டுமாம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஒரு பந்தல்கால்கூட நட மாட்டார்கள் தம்பி.  தட்டை ஸ்டூலில் வைத்தேன். குடையை எடுத்தேன். ‘பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வாரேன்’ என்றேன்.

‘மழையா பெய்யுது, குடை எதுக்கு சார்?’ என்றார் சேவியர்.

‘ஹெட்மாஸ்டருக்கு வெயில் ஆகாது வே’ என்றார் தாவீது.

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாசானம்கூடச் சிரித்தார். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எப்போதோ மறந்துவிட்டேன்.

எப்சிபா வாசல் கேட் வரைக்கும் வந்தாள். ‘உள்ள வாங்க’ என்றாள். ‘கோயில்குட்டியார் போடட்டும். நான் எதுக்கு, டீ கொடுக்கவா?’ என்றேன்.  அவள் உள்ளே போனாள். அப்பாவிடம் என்ன சொன்னாளோ, எனக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்லவில்லை. மாமாவின் குரல் தெருவுக்குக் கேட்டது. ‘ஏ மாப்ளே, வாங்க. நீங்களே போடுங்க. எம்மவ முகத்த பாக்க முடியல.’

அதைக் கோபம் என்று சொல்லாதீர்கள். மரியாதை. கேட்டு வாங்கினால்தான் சில இடத்தில் மரியாதை கிடைக்கும்.

தாவீது மூடி கழற்றிய பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். ‘எனக்கு மணி அடிக்க நேரமாச்சு’ என்று போய்விட்டார். நான் உட்கார்ந்து போட்டேன். பெயர், படிப்பு, பதவி, பள்ளி, தேதி. பையில் முத்திரையும் இருந்தது, அதையும் வைத்தேன். ‘இப்படி ஒரு சாட்சிக் கையெழுத்தை என் சர்வீஸ்ல பாத்ததில்ல சார்’ என்றார் மாசானம். உயில் பீரோவுக்குள் போனது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் மாமா இருந்தார்.

இது அடுக்களை. மேடை உயரம் கொஞ்சம் குறைவு, எப்சிபா உயரத்துக்குக் கட்டியது. நீங்கள் இடித்துக் கட்டிக்கொள்ளலாம். பார்த்து வாருங்கள், படி.

மாமா போய் ஒரு வருஷம் கழித்துப் பட்டா மாற்றலாம் என்று செல்வினை வரச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் வந்தான். மூன்று பேரும் ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். சின்ன வயது. உயிலைப் புரட்டிப் பார்த்தாள். ‘கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் இருக்கிறதே, அது என்னுடையது’ என்று நானே விரல் வைத்துக் காட்டினேன். இல்லையென்றால் அவள் கவனித்திருக்க மாட்டாள் என்பது இல்லை. இருந்தாலும் நானே காட்டினேன்.

‘நீங்க இவங்களுக்கு யாரு சார்?’ என்று எப்சிபாவைக் காட்டிக் கேட்டாள்.

‘புருஷன்’ என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பிறகு எங்களுக்குச் சட்டத்தைச் சொன்னாள். நான் உங்களுக்கு எளிமையாகச் சொல்கிறேன். கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதுகிறார். அதில் ஒருவருக்கு ஒரு சொத்து எழுதுகிறார். அந்தச் சொத்தைப் பெறுகிறவரோ, அவருடைய புருஷனோ, மனைவியோ அந்த உயிலுக்குச் சாட்சி போடக் கூடாது. போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. ‘சாட்சி செல்லும் சார். உயிலும் செல்லும். உங்க மனைவிக்கு எழுதினது மட்டும் செல்லாது’ என்றாள். செல்லாமல் போனது எங்கே போகும்? ‘மற்ற எல்லாச் சொத்தும் மகனுக்கே’ என்று ஒரு வரி இருக்கிறதே, அங்கே போகும். அந்த வரி மட்டும் இல்லாமல் இருந்தால், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி வந்திருக்கும். பார்த்தீர்களா, மாசானம் செய்த வேலையை?

உங்கள் ஆட்களுக்கு, இந்துக்களுக்கு, இந்தச் சட்டம் கிடையாது தம்பி. மாசானத்திடம் போய்ச் சண்டை போட்டபோது அவரே சொன்னார். ‘எங்க ஆளுங்க உயில்ல மருமகன் போடுவாரு, மருமக போடுவா, ஒண்ணும் ஆனதில்ல. வேதக்காரங்களுக்குத் தனியா ஒரு சட்டம் இருக்கும்னு எனக்கு எப்பிடிய்யா தெரியும்?’ என்றார். நாற்பது வருஷ அனுபவமாம்! ‘கோயில்குட்டியாரு போட்டிருந்தா இந்த வம்பே இல்ல’ என்று வேறு சொன்னார். பழியை என் மேல் போடப் பார்த்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வக்கீலம்மா ஆபீசிலிருந்து வெளியே வந்தோம். எப்சிபா ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறவில்லை, பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வின் சொன்னான். ‘அக்கா, எதுக்கு அழுத? அப்பா உனக்குக் குடுத்தத நான் தூக்கிட்டுப் போயிருவேனா?’ உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், அப்படித்தான் சொன்னான்.

ஒரு மாதத்தில் ஒரு காகிதம் அனுப்பினான். நாலு பக்கம். ட்ரஸ்ட் பத்திரத்துக்கு வரைவு, நாங்கள் சம்மதித்தால் பதிவு செய்வதற்கு. வீடு ட்ரஸ்ட் பொறுப்பில் இருக்கும். செல்வினும் எப்சிபாவும் அதற்கு அறங்காவலர்கள். எப்சிபா உயிரோடு இருக்கிற வரைக்கும் வீடு அவளுக்கு. யாரும் விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, அவளை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, ஆகையால் அவளுக்குப் பிறகு செல்வினுடைய பெண்களுக்கு. நல்ல பத்திரம்தான். பிழை ஒன்றிரண்டுதான் இருந்தது, திருத்தினேன்.

ஆனால் என் பெயர் எங்கே? நாலு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். ‘தங்கையா மனைவி எப்சிபா’ என்று ஒரே ஒரு இடத்தில் வருகிறது. போன் போட்டு, ‘என்னையும் அறங்காவலராகப் போடு’ என்றேன்.  ‘அத்தான், அது மட்டும் வேண்டாம்’ என்றான்.

நான் விற்றுவிடுவேன் என்று பயமாம். என் பங்கு நிலத்தை ஒரு தடவை விற்றது உண்மை. ஒரு நண்பர் டுடோரியல் காலேஜ் ஆரம்பித்தார், அதற்குக் கொடுத்தேன். கல்விக்காகக் கொடுத்தது. காலேஜ் எட்டு மாதத்தில் மூடிப்போனது வேறு விஷயம்.

அந்தக் காகிதம் மூன்று மாதம் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. எப்சிபா அதைத் தூக்கி மேஜையைத் துடைப்பாள், திரும்ப அதே இடத்தில் வைப்பாள். ஒரே ஒரு தடவை கேட்டாள். ‘சம்மதம்னு சொல்லிருவோமா?’ நான் கேட்டேன், ‘உங்கப்பா உனக்குக் கொடுத்த வீட்டை உன் தம்பி கையால தானமா வாங்கணுமா?’ என்று. அப்புறம் அவள் கேட்கவில்லை. அவளும் ஒத்துக்கொண்டாள் என்றுதானே அர்த்தம்?

கேஸ் போட்டோம். அவள் பெயரில்தான் போட வேண்டும், போட்டோம். உயில் முழுவதும் செல்லும் என்று வாதம். அதற்கு வலு வேண்டும் என்று வேறு வக்கீல் ஒருவர் சில சங்கதி சேர்த்தார். செல்வின் எழுத்தரோடு சேர்ந்துகொண்டு திட்டம் போட்டு என்னைச் சாட்சி போட வைத்தான், தகப்பனாரைக் கடைசிக் காலத்தில் எட்டிப் பார்க்கவில்லை, இந்த மாதிரி. அது வக்கீல் எழுதியது. நான் வாக்கியம் மட்டும் சரிபார்த்தேன். எப்சிபா கண்ணாடியை எடுத்து வரவில்லை என்றாள், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் காட்டினேன், போட்டாள்.

கூண்டில் ஏறினாள் பாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ‘உங்க தம்பி அப்பாவைப் பாக்க வரலையாம்மா?’

‘மாசாமாசம் வந்தான்’ என்றாள்.

அவ்வளவுதான். செல்வின் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், முகத்தைப் பொத்திக்கொண்டான். சாட்சி சொல்லத் தெரியாதவள் தம்பி. முதல் நாள் முழுக்க நான் சொல்லிக்கொடுத்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட அத்தனை தடவை சொன்னதில்லை. வெளியே வந்து, ‘ஏன் அப்படிச் சொன்னே?’ என்றேன். ‘வந்தானே’ என்றாள். இவளை வைத்துக்கொண்டு எந்தக் கேஸை ஜெயிப்பது?

அங்கே தோற்றோம். அப்பீலில் தோற்றோம். மொத்தம் எட்டு வருஷம். அப்பீல் தோற்ற அன்று நான் செல்வினுக்குப் போன் செய்தேன். பெரிய மனது பண்ணித்தான் செய்தேன். ‘அந்த ட்ரஸ்ட் பத்திரத்தையே போட்டுவிடலாம், என் பெயர்கூட வேண்டாம்’ என்றேன். அவன் சொன்னான், ‘அத்தான், அப்பாவ நான் பாக்க வரலைனு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டு எட்டு வருசம் நின்னிய. இனிமே எனக்கு அந்த வீடே வேண்டாம். வித்துட்டு மறந்துருதேன்.’ மனுஷனுக்கு இவ்வளவு ரோஷம் இருக்கக் கூடாது. ஒரு வார்த்தைக்காகக் கூடப்பிறந்தவளை வெளியே விடுவானா ஒருவன்?

இது பின் அறை. இந்த மூலையில் கொஞ்சம் ஒழுகும்... என்ன சொல்கிறாய்? ஆமாம், வீடு பார்க்க வந்தவர்தான். இவள்தான் தம்பி என் மனைவி. வடக்கு மூலையும் ஒழுகுமாம், சொல்லச் சொல்கிறாள். கிணறு சித்திரையில் வற்றிவிடுமாம். பார்த்தீர்களா? விற்கிற வீட்டில் யாராவது இதைச் சொல்வார்களா? கோர்ட்டிலும் இதே கதைதான்.

எப்போது காலி செய்வோம் என்றா கேட்டீர்கள்? திங்கட்கிழமை. அவளே சொல்கிறாள், கேளுங்கள். இரண்டு வண்டி சொல்லியிருக்கிறாளாம்.

இரண்டு எதற்கு என்று நானும் கேட்டேன். இருக்கிற சாமானுக்கு ஒரு குட்டியானை வண்டி போதும், அதிலும் பாதி காலியாக இருக்கும். ஒன்று மகாராஜநகருக்கு. அங்கே எனக்கு மாடியில் ஒரு அறை பார்த்திருக்கிறது. பென்ஷன்காரனுக்கு அது போதும். இன்னொன்று மிஷன் இல்லத்துக்கு. அவள் அங்கே போகிறாள். அவளே போய் விண்ணப்பம் வாங்கி, அவளே நிரப்பி, அவளே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தது இடம் கிடைத்த பிறகுதான். செல்வின்கூட வந்து கூப்பிட்டான். ‘அக்கா, எங்கூட வந்துரு’ என்று. ‘அங்கயும் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டாள்.

ஆதரவற்ற பெண்கள் இல்லம் என்று பெயர். பெயரே பொருந்தவில்லை. நான் இருக்கும்போது அவள் எப்படி ஆதரவற்றவள் ஆவாள்? இதைச் சொன்னதும் உள்ளே போய்விட்டாள், பாருங்கள். கோபம் இல்லை, அவள் சுபாவமே அப்படி. கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்துவிடுவாள்.

அந்த இல்லத்தின் விதிமுறைப் புத்தகத்தை நான் வாங்கிப் படித்துப் பார்த்தேன் தம்பி. பன்னிரண்டு பக்கம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் பார்வையாளர் நேரம். யார் யார் வரலாம் என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. தகப்பனார் வரலாம். மகன் வரலாம். சகோதரன் வரலாம். அதன்படி பார்த்தால் செல்வின் வரலாம். கணவன் என்ற சொல்லே இல்லை. அங்கே இருக்கிறவர்கள் விதவைகளும் கல்யாணம் ஆகாதவர்களும்தானாம், அதனால் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். எழுதினவர் யாரோ, யோசித்து எழுதவில்லை.

திருத்தச் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வாரம் ஆகிறது. பதில் வரவில்லை.